முதல் மழைக்கு முன்னே தொடங்குங்கள்: செம்பாட்டு மண்ணில் நைதரசன் கணக்குப் பார்ப்பது எப்படி

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து ஐந்தாறு நாள் கழிய, யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத் தோட்டங்களைப் போய்ப் பாருங்கள். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த தறையில், ஒரு பிடி பசளையும் எறியாத மூலையில்கூட, முளைத்த புல் கரும்பச்சையாக நிற்கும். "மழைத் தண்ணியிலை சத்து இருக்கு" என்று ஊரில் சொல்வார்கள். மின்னலால் கொஞ்சம் நைதரசன் மழைநீரில் சேர்வது உண்மைதான். ஆனால் அந்தப் பச்சைக்கு அது போதாது. பெரும்பங்கு மண்ணுக்குள்ளேயே இருந்தது. கோடை முழுவதும் பூட்டிக் கிடந்ததை, ஈரம் பட்டதும் நுண்ணங்கிகள் திறந்துவிட்டிருக்கின்றன.

அந்தத் திறப்பு எப்போது நடக்கிறது, எவ்வளவு நடக்கிறது, திறந்தது பயிருக்குப் போகிறதா கிணற்றுக்குப் போகிறதா என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன். தோட்டத்துக்குப் புதியவர்கள், உயர்தரத்தில் உயிரியலோ விவசாயமோ படிக்கும் பிள்ளைகள், வளவில் நாலு பாத்தி போட்டிருப்பவர்கள் எல்லாரும் செய்யக்கூடிய வேலை. ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி, ஒரு வெறும் மீன்பேணி, பிறகு ஒரு வருடத்துக்குப் பொறுமை.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

காற்றில் 78 சதவீதம் நைதரசன். பயிர் அதை நேரே எடுக்காது. பயறு, உழுந்து, கச்சான், சணல் ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் றைசோபியம் பற்றீரியா அதைப் பிடித்துக் கொடுக்கும். மற்றப் பயிர்கள் எருவையும் குழையையும் செத்த வேரையும்தான் நம்பியிருக்கின்றன. அவற்றில் இருக்கும் புரதத்தை உடைத்து அமோனியம் ஆக்குவது பற்றீரியாவும் பூஞ்சணமும் சேர்ந்த ஒரு பெரிய கூட்டம். அந்த அமோனியத்தை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுவது இன்னொரு, சிறிய கூட்டம். இந்தச் சிறிய கூட்டத்தை 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் தனியாகப் பிரித்துக் காட்டினார். இரண்டு படியையும் ஒரே உயிர் தனியே செய்யக்கூடும் என்பது 2015இல்தான் தெரியவந்தது.

பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை, ஒரு விசயத்தை மட்டும் மறக்கவேண்டாம். அமோனியத்துக்கு நேர் ஏற்றம், களித்துணிக்கைக்கு மறை ஏற்றம். ஆகவே அமோனியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றுக்கும் மறை ஏற்றம். அதை மண் பிடித்து வைக்காது, தண்ணீர் போகும் வழியே அதுவும் போகும். இந்த ஊர்கள் இருக்கும் வலிகாமத்தில் தண்ணீர் எங்கே போகும்? வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. செம்பாட்டு மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் கரைந்தது அதே கல்லுக்குள்ளால் இறங்கி, நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கு வரும்.

மூன்றாவது கூட்டம் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேலை செய்யும். ஒட்சிசன் கிடைக்காதபோது இவை நைத்திரேற்றையே சுவாசத்துக்குப் பயன்படுத்தி, அதை வாயுவாக்கி வெளியே விடும். கடைசிவரை போனால் சாதாரண நைதரசன் வாயு, தீங்கில்லை. பாதியில் நின்றால் நைதரசு ஒட்சைட்டு. நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப்போல 273 மடங்கு சூடாக்கும் வாயு. பசளைக்குக் கொடுத்த காசும் அதோடு போகிறது.

இடம் குறித்தல்

மூன்று இடம் போதும். ஒன்று, வெயில் நேரே படும் வெறும் பாத்தி. இரண்டு, சருகோ வைக்கோலோ மூடிய பாத்தி. மூன்று, வாய்க்கால் முடிவில் தண்ணீர் கொஞ்சநேரம் தேங்கும் தாழ்ந்த இடம். ஒவ்வொன்றிலும் ஒரு பூவரசங் குச்சியை ஊன்றிப் பெயர் எழுதிவிடுங்கள். ஒரு வருடத்துக்கு அந்த இடத்தை மாற்றக்கூடாது. ஒவ்வொரு தரமும் குச்சியைச் சுற்றி ஐந்து இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுத்து, ஒரு வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு பிடியைப் பயன்படுத்துங்கள். ஒரே குழியில் எடுத்தால் ஒருநாள் எருக்கட்டி அகப்படும், இன்னொரு நாள் வெறும் கல் அகப்படும்.

சூடு

வெப்பமானியை 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் குத்தி, காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் பாருங்கள். சமையலுக்கு விற்கும் நீண்ட முள் வெப்பமானியே போதும். கண்ணாடி வெப்பமானி என்றால் முதலில் கம்பியால் துளை போட்டுவிட்டு இறக்குங்கள். சித்திரை வெயிலில் வெறும் பாத்திக்கும் மூடிய பாத்திக்கும் பல பாகை வித்தியாசம் இருப்பதை முதல் நாளிலேயே காண்பீர்கள். கொப்பியில் இரண்டு வரி, அவ்வளவுதான்.

பொதுவாக 10 பாகை கூடினால் நுண்ணங்கிகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று படித்திருப்பீர்கள். அது ஒரு எல்லைவரைதான். அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்து ஹாவட் காட்டில் 1991இலிருந்து மண்ணுக்குள் மின்கம்பி புதைத்து 5 பாகை சூடேற்றிப் பார்த்துவருகிறார்கள். அங்கே சூடேறிய மண்ணில் நைதரசன் வெளியாவது கூடியது. பனி விழும் நாட்டு மண் அது. அந்த முடிவை அப்படியே தூக்கி இங்கே வைக்கக்கூடாது. அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் கூட்டத்துக்கு 25 முதல் 35 பாகைவரை நல்ல காலம். எங்கள் மண் வருடத்தில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அதற்கு மேல் சூடேறினால் அந்தக் கூட்டம் தளர்ந்துவிடும். எருவை உடைத்து அமோனியம் ஆக்கும் கூட்டமோ இன்னும் சூட்டைத் தாங்கி வேலைசெய்யும். ஆகவே மிகச் சூடான மண்ணில் அமோனியம் தேங்கும்.

தேங்கிய அமோனியத்துக்கு என்ன நடக்கும்? சுண்ணாம்புக்கல்மேல் இருக்கும் எங்கள் மண் நடுநிலையை அண்டியோ சற்றுக் காரமாகவோ இருக்கும். பி.எச். 8 உள்ள தண்ணீரில், 25 பாகையில், அமோனியத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் அமோனியா வாயு வடிவில் இருக்கும். 35 பாகையில் அது ஏறத்தாழ 10 சதவீதம். காற்று அதைத் தொடர்ந்து கொண்டுபோக, மண் தொடர்ந்து கொடுக்கும். யூரியாவை வெறும் பாத்தியில் தூவிவிட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால், அடுத்த நாள் பின்னேரம் குனிந்து மணந்து பாருங்கள். மூக்கில் ஏறும் அந்த நெடிதான் உங்கள் பசளை. கொஞ்ச ஈரம் யூரியாவைக் கரைக்கும், உடைக்கவும் விடும், ஆனால் உள்ளே இறக்காது. அதனால்தான் அரைகுறைத் தெளிப்பு எல்லாவற்றிலும் கெடுதல். ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் மண்ணால் மூடுங்கள். முடியாவிட்டால் தூவிய உடனேயே ஒரு நல்ல இறைப்பு இறையுங்கள்.

ஈரம்

இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும். யாழ்ப்பாணத்து மண்ணில் நைதரசனுக்குக் கடிவாளம் பிடிப்பது சூட்டைவிட ஈரந்தான் என்பது என் முடிவு. வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. மிச்ச மாதங்களில் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் எந்த நாளில் எவ்வளவு இறைக்கிறோம் என்பதே மண்ணுக்கு மழை.

ஈரத்தை "காய்ச்சல்", "பதம்", "சேறு" என்று கையால் பார்த்துச் சொல்வது நல்ல பழக்கந்தான். ஆனால் நுண்ணங்கிகளுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதோடு, துளைகளில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதும் முக்கியம். ஆகவே மண்ணின் துளைவெளியில் எத்தனை சதவீதம் தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்று கணக்கெடுக்கவேண்டும். கேட்கக் கடினமாக இருக்கும், செய்தால் இலகு.

மீன்பேணியின் இரு பக்கத்தையும் வெட்டிக் குழாயாக்குங்கள். விளிம்பில் கை வெட்டாமல் அரத்தால் தேயுங்கள். குறுக்களவையும் உயரத்தையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரு பேணி 7.2 சென்ரிமீற்றர் குறுக்கும் 10 சென்ரிமீற்றர் உயரமும் என்றால் கனவளவு ஏறத்தாழ 407 கன சென்ரிமீற்றர். பாத்தியில் மேல்மட்டத்தைச் சுரண்டிவிட்டு, ஒரு பலகையைப் பேணிமேல் வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். பிறகு சுற்றிவரத் தோண்டி, இரண்டு பக்கமும் கத்தியால் சீவி, உள்ளிருக்கும் மண் முழுவதையும் எடுங்கள். அதை 105 பாகை வெதுப்பியில் ஒருநாள் காயவைத்து நிறுங்கள். வெதுப்பி இல்லாதவர்கள் பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறி, நிறை இனிக் குறையாது என்னும்வரை காயவைக்கலாம். மண் கருகி மணக்கக்கூடாது. உலர்ந்த மண் 529 கிராம் வந்தது என்று வைப்போம். 529ஐ 407ஆல் பிரித்தால் 1.3. அதுதான் உங்கள் மண்ணின் தோற்ற அடர்த்தி. மண்துணிக்கையின் அடர்த்தியைப் பொதுவாக 2.65 என்று எடுப்பார்கள். 1.3ஐ 2.65ஆல் பிரித்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்தால் 0.51. அதாவது மண்ணில் பாதிக்குச் சற்றுமேல் வெறும் துளை. இந்த அளவை வருடத்தில் இரண்டு தரம் செய்தால் போதும்.

கிழமைதோறும் செய்யவேண்டியது இதைவிடச் சின்னது. 100 கிராம் ஈரமண்ணை நிறுத்துக் காயவையுங்கள். 87 கிராம் மிஞ்சினால், போன தண்ணீர் 13 கிராம். 13ஐ 87ஆல் பிரித்தால் 0.15. அதை 1.3ஆல் பெருக்க 0.195. அதை 0.51ஆல் பிரிக்க 0.38. துளைகளில் 38 சதவீதம் தண்ணீர். காய்ந்தபின் 81 கிராம்தான் மிஞ்சியது என்றால் அதே கணக்கில் 60 சதவீதம் வரும்.

60ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். தண்ணீரும் காற்றும் இரண்டும் கிடைப்பதால் நைத்திரேற்று ஆக்கும் கூட்டம் இந்த அளவில் உச்சத்தில் இருக்கும். அதற்குக் கீழே போகப்போகத் துணிக்கைகளைச் சுற்றிய தண்ணீர்ப் படலம் மெலியும். உணவு நுண்ணங்கியைத் தேடி வராது, நுண்ணங்கியாலும் உணவைத் தேடிப் போகமுடியாது. அதற்கு மேலே, 70, 80 என்று ஏற, நைத்திரேற்றை வாயுவாக்கும் கூட்டம் எழும்பும். சூடும் சேர்ந்தால் இது இன்னும் விரைவு. சூடான மண்ணில் எல்லா உயிரும் வேகமாகச் சுவாசிப்பதால் இருக்கிற ஒட்சிசனும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தேங்கிய தண்ணீர் மார்கழியில் செய்வதைவிட வெயில் காலத்தில் செய்வது கூட. பாத்தி நிரம்ப இறைத்துவிட்டு இரண்டு நாள் சேறாக விடுவதைக் கோடையில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

நைத்திரேற்றை அளத்தல்

வளர்ப்புமீன் கடைகளில் நைத்திரேற்றுச் சோதனைத் தாள் கேட்டுப் பாருங்கள், இணையத்திலும் வாங்கலாம். அதோடு வாகனப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் மண்ணைக் கரைக்கவேண்டாம். எங்கள் கிணறுகளில் ஏற்கெனவே நைத்திரேற்று இருக்கிறது, அதையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். வடித்த தண்ணீரிலும் முதலில் ஒரு தாளை நனைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

20 கிராம் மண்ணை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு, மூடியை இறுக்கி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். தெளியவிட்டு, சுத்தமான துணியால் வடித்து, தாளை நனைத்து நிறத்தைப் பாருங்கள். லீற்றருக்கு 25 மில்லிகிராம் காட்டினால், ஐந்தால் பெருக்க, கிலோ மண்ணில் 125 மில்லிகிராம் நைத்திரேற்று. அதை 4.43ஆல் பிரித்தால் அதிலுள்ள நைதரசன் மட்டும் ஏறத்தாழ 28 மில்லிகிராம். சில தாள்கள் நைத்திரேற்றாகக் காட்டும், சில நைதரசனாகவே காட்டும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள், இதில் பிழைத்தால் கணக்கு நாலு மடங்கு பிசகும். மண்ணில் ஏற்கெனவே இருந்த ஈரத்துக்கும் ஒரு சிறு திருத்தம் உண்டு. தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.

இந்த 28 உங்கள் தோட்டத்துக்கு என்ன அர்த்தம்? 20 சென்ரிமீற்றர் ஆழ மண்ணை எடுத்துக்கொண்டால், ஒரு பரப்பில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறத்தாழ 66,000 கிலோ மண். அதில் 28 மில்லிகிராம் வீதம் என்றால் ஏறத்தாழ 1.8 கிலோ நைதரசன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆக, ஒரு பரப்புக்கு 4 கிலோ யூரியா எறிந்ததற்குச் சமமான சத்து, நீங்கள் எதுவும் போடாமலே மண்ணில் கரைந்து நிற்கிறது. முதன்முதல் இந்தக் கணக்கைப் போட்டபோது நான் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. எடுத்த மண்ணை அன்றே சோதியுங்கள், முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒருமுறை மண்ணைப் பொலித்தீன் பையில் கட்டி மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்து இரண்டு நாள் மறந்துவிட்டேன். வீட்டில் வைத்திருந்த அதே மண்ணைவிடத் தாளின் நிறம் ஒரு படி கூடக் காட்டியது. பைக்குள் சூடும் ஈரமும் இருந்தன, நுண்ணங்கிகள் வேலையை நிறுத்தவில்லை. அந்த மாதக் கணக்கு பாழ்.

முதல் மழைக் கிழமை

இதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்வரை காத்திருக்கவேண்டும். ஆவணி, புரட்டாதியில் சோளகக் காற்றில் மண் எலும்பாகக் காயும். அப்போது பல நுண்ணங்கிகள் சாகும். தப்பியவை உடம்புக்குள் கரைபொருட்களைச் சேர்த்து வரட்சியைத் தாங்கும். திடீரென்று தண்ணீர் பட்டதும் செத்தவற்றின் உடல், தப்பியவை வெளியே தள்ளும் கரைபொருள், மண்கட்டிகள் உடைந்து வெளிப்படும் பழைய உக்கல் எல்லாம் ஒரே நேரத்தில் உணவாகும். சில நாட்களில் பெருமளவு காபனீரொட்சைட்டும் நைதரசனும் வெளியாகும். கென்யாவில் வேலைசெய்த பேர்ச் என்ற மண் ஆய்வாளர் 1958இல் இதை விரிவாக எழுதியதால் உலகம் இதைப் பேர்ச் விளைவு என்கிறது. எங்கள் அயலில் ஒரு பெரியவர் இதைப் பெயரில்லாமலே சொன்னார்: "முதல் மழையோடை யூரியா எறியாதை தம்பி. மண் தானே குடுக்கும். பொறுத்துப் போடு."

செய்யவேண்டியது இதுதான். மேகம் கறுக்கும்போதே மூன்று குச்சியடியிலும் மண் எடுத்து நைத்திரேற்றைப் பாருங்கள். மழை விட்ட முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் திரும்பவும் பாருங்கள். நடுவில் அடைமழை பிடித்தால் அது விட்டதும் ஒருமுறை. ஒரு வாளியில் மழை எத்தனை மில்லிமீற்றர் சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். வாளியின் பக்கம் நேராக இருக்கவேண்டும், சரிவான வாளி பிழையாகக் காட்டும். பொதுவாக முதல் கிழமையில் நைத்திரேற்று ஏறும். பிறகு ஒரு பெருமழையில் மேல்மண்ணிலிருந்து சட்டென்று இறங்கும். தாழ்ந்த இடத்தில் ஏறாமலே இறங்குவதும் உண்டு. அது வாயுவாகவும் போயிருக்கும்.

வரட்சி நீண்டு, பிறகு மழை ஒரேயடியாகக் கொட்டினால் இந்த ஏற்றமும் இறக்கமும் இன்னும் கூர்மையாகும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழையில் தோட்டங்கள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றதை இங்கே பலர் கண்டிருப்பார்கள். காலநிலை சூடேறுவது என்றால் சூடு மட்டும் கூடும் என்று நினைக்கிறோம். தோட்டக்காரருக்கு அது முதலில் தெரிவது மழை வரும் விதத்தில்.

சரி, ஏறிய நைதரசனை எப்படிப் பிடிப்பது? வேர் வேண்டும். முதல் மழைக்கு வெறுமனே கிடக்கும் தறையில் உடனே எதையாவது விதையுங்கள். கௌபி, சணல் போட்டால் அவையும் முதலில் மண்ணிலுள்ள நைத்திரேற்றைத்தான் எடுக்கும், பிறகுதான் முடிச்சுப் போடும். குரக்கன், சோளம் போன்றவை இன்னும் வேகமாக இழுக்கும். பூக்கும் பருவத்தில் வெட்டி மண்ணுக்குள் தாழ்த்தினால், மழை கொண்டுபோயிருக்கவேண்டியது திரும்ப உங்கள் தறைக்கு வரும்.

போத்தலில் சூட்டையும் ஈரத்தையும் பிரித்துப் பார்த்தல்

தோட்டத்தில் சூடு கூடினால் ஈரம் குறையும். இரண்டில் எது என்ன செய்தது என்று அங்கே பிரிக்கமுடியாது. அதற்குப் போத்தல் நல்லது. அகலவாய்ப் போத்தல்கள் நாலு எடுத்து, ஒவ்வொன்றிலும் 77 மில்லிலீற்றர் அளவில் கோடு போடுங்கள். காற்றில் உலர்த்தி அரித்த மண் 100 கிராமை, அடர்த்தி 1.3 வருமாறு, அந்தக் கோடுவரை மெல்ல அமுக்குங்கள். ஒன்றுக்கு 4 மில்லிலீற்றர் வடித்த தண்ணீர், இரண்டுக்கு 23, மற்றொன்றுக்கு 39. மேலே செய்த கணக்குப்படி துளைவெளியில் 10, 60, 100 சதவீதம். வாயை மெல்லிய பொலித்தீனால் மூடி, ஊசியால் சில துளை போடுங்கள்.

60 சதவீதப் போத்தல் இரண்டில் ஒன்றை, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்து நிழலில் விடுங்கள். மற்றதைத் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். 10, 100 போத்தல்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறுத்து, குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்க்கவேண்டும். இதைத் தவறவிட்டால் நீங்கள் பார்ப்பது காய்ச்சலைத்தான், சூட்டை அல்ல. இரண்டு கிழமை கழிய நாலையும் சோதியுங்கள். தகரத்தடிப் போத்தல் பானைப் போத்தலைவிடக் கூடக் காட்டக்கூடும், 35 பாகையை நன்றாகத் தாண்டிய நாட்கள் பல என்றால் பின்தங்கவும் கூடும். 10 சதவீதம் அசையாது. 100 சதவீதத்தில் இருந்த நைத்திரேற்றும் குறைந்திருக்கும். உலர்த்திய மண்ணை நனைத்ததால் இவற்றிலும் ஒரு சின்ன முதல்மழை நடந்திருக்கிறது என்பதை மனதில் வைத்து ஒப்பிடுங்கள். மண்ணிலே ஆர்வம் வந்த பிள்ளைகள் இதை மூன்று மூன்று போத்தலாகச் செய்தால் கணக்கு உறுதியாகும்.

குழையும் எருவும் வேறு வேறு வேகம்

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது கூட்டெருவுக்கு எல்லாரும் ஓடினோம். யூரியா மாதிரி நாலு நாளில் பச்சை வரவில்லை என்று பலர் மனம் உடைந்தார்கள். கூட்டெருவின் நைதரசனை நுண்ணங்கிதான் அவிழ்க்கவேண்டும், அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். காபன் நைதரசனைப்போல 25, 30 மடங்குக்கு மேல் உள்ள பொருளைத் தாழ்த்தினால், நுண்ணங்கிகள் தங்கள் உடம்புக்கே நைதரசன் போதாமல் மண்ணிலிருப்பதையும் இழுத்துக்கொள்ளும். பனையோலையும் வைக்கோலும் அப்படி. கிளிசரிடியா, பூவரசங் குழை சீக்கிரம் கொடுக்கும். புகையிலைத் தோட்டத்தில் பழைய பனையோலையைத் தாழ்த்தியவர்கள் மாட்டெருவும் சேர்த்தார்கள், ஆட்டுப்பட்டியும் அடைத்தார்கள். ஓலை ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல உக்கும், எருவும் புழுக்கையும் உடனடித் தேவைக்குக் கொடுக்கும். நல்ல கணக்கு அது. ஓலையை மட்டும் தாழ்த்திவிட்டு அடுத்த கிழமை வெங்காயம் நட்டால் வெங்காயம் மஞ்சளாகத்தான் நிற்கும்.

பயறோ கச்சானோ பூக்கும்போது ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும், கிட்டத்தட்ட இறைச்சி நிறம். அது ஒட்சிசனைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தின் நிறம், நைதரசன் பிடிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. மண் மிகச் சூடேறினாலும், காய்ந்தாலும், யூரியா கூடினாலும் இப்படி ஆகும். வெறும் பாத்தியிலும் மூடிய பாத்தியிலும் ஒவ்வொன்று எடுத்து எண்ணி எழுதுங்கள்.

கிணறு

மாதம் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு தாளை நனையுங்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார அமைப்பின் எல்லை. சில மாதக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து கூட. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம்பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் கொம்லி என்ற மருத்துவர் கிணற்றுத் தண்ணீரோடு இதைத் தொடர்புபடுத்தினார். தண்ணீரைக் காய்ச்சினால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக இன்னும் செறியும். குளோரினும் உதவாது. தாள் 50ஐக் காட்டினால், குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை உடனே நிறுத்திவிட்டு ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கொடுங்கள். கிணற்றுக்குப் பக்கத்து மலசலகூடக் குழியும் இதே நைத்திரேற்றைக் கொடுக்கும். ஆகவே கூடியது எல்லாமே தோட்டத்தால் என்று உடனே முடிவெடுக்கவேண்டாம்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் கொப்பியை விரித்து, மழை, ஈரம், சூடு, மண் நைத்திரேற்று, கிணற்று நைத்திரேற்று ஐந்தையும் ஒரே தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோடு வரையுங்கள். மேல்மண்ணில் இறங்கிய கோட்டுக்கு எத்தனை கிழமை கழித்துக் கிணற்றுக் கோடு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த இடைவெளி ஒவ்வொரு வளவுக்கும் வேறு. விளங்காத இடத்தில் உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கொப்பியோடு போங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்பதற்கும் ஒரு வருட எண்களோடு போய்க் கேட்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு. சிறுபோக வெங்காயத்துக்கு யூரியாவை எத்தனை தரமாகப் பிரிப்பது, எந்தப் பாத்திக்குக் குறைப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவெடுங்கள். மாரியில் உக்கிப்போன குச்சிகளை மாற்றி, அதே இடத்தில் திரும்ப ஊன்றிவிடுங்கள்.